தியானம் சரி, தூக்கம் எங்கே? சிறப்புக் குழந்தைகளின் பெற்றோர் மன அழுத்தம் பற்றி ஒரு விவாதம்

2025 பிப்ரவரி 11, வாசகி கேள்வி

பையனுக்கு ஏழு வயசு, ஆட்டிசம். ராத்திரி ரெண்டு மணிக்கு எழுந்தால் விடியும்வரை ஓட்டம்தான். தெரபி சென்டரில் பெற்றோர் கூட்டம் வைத்து, "அம்மாக்கள் தினமும் இருபது நிமிஷம் தியானம் பண்ணுங்க, பாசிட்டிவா இருங்க" என்றார்கள். இதனால் உண்மையிலேயே ஏதாவது மாறுமா?

பிப்ரவரி 11, இரவு, பதில்

மாறலாம். ஆனால் செய்ய வேண்டியவற்றில் அதற்கு நாலாவது, அஞ்சாவது இடம்தான். முதல் இடம் தூக்கத்துக்கு. ரெண்டு மணிக்கு எழுந்தவரை காலையில் கண்ணை மூடி உட்காரச் சொன்னால் அவர் தூங்கித்தான் போவார். அதைத் தியானத்தில் தோல்வி என்று வேறு எழுதிக்கொள்வார்.

இரவை ரெண்டாகப் பிரியுங்கள். ஒன்பதரையிலிருந்து ரெண்டு வரை ஒருவர், ரெண்டிலிருந்து ஆறரை வரை இன்னொருவர். இப்படிச் செய்தால் ஆளுக்கு நாலரை மணி நேரம் உடையாத தூக்கம் கிடைக்கும். இதே நேரத்தைத் துண்டு துண்டாகத் தூங்குவதைவிட இது எவ்வளவோ மேல். முறை இல்லாதவர் வேறு இடத்தில், காதில் பஞ்சோ இயர் ப்ளக்கோ வைத்துப் படுக்க வேண்டும். அழுகைக்கும் டயாப்பருக்கும் அவரை எழுப்பக் கூடாது. வலிப்பு வந்தால் மட்டும் எழுப்பலாம்.

எங்கே சறுக்கும் என்றால், முதல் வாரம் அம்மா எப்படியும் விழித்துக்கொள்வார், "அவருக்குச் சமாளிக்கத் தெரியாது" என்று எழுந்து வந்துவிடுவார். வந்தால் பையன் அப்பாவிடம் தூங்கப் பழகவே மாட்டான். சனிக்கிழமை இரவில் மட்டும் தொடங்கி, பிறகு வார நாட்களுக்குக் கொண்டு வாருங்கள்.

பையனின் தூக்கத்தையும் டாக்டரிடம் தனியாகக் கேளுங்கள். குறட்டை விட்டால் மூக்குக்குப் பின்னால் உள்ள அடினாய்டு சதையைப் பார்ப்பார்கள். கால்களை உதறிக்கொண்டே இருந்தால் இரும்புச்சத்துக்கு ரத்தப் பரிசோதனை. தூக்கத்துக்கான மெலடோனின் மருந்தைப் பக்கத்து வீட்டுப் பிள்ளைக்குக் கொடுத்த அளவைப் பார்த்து வாங்காதீர்கள். அளவு மட்டுமல்ல, கொடுக்கும் நேரமும் முக்கியம்.

பிப்ரவரி 12

ஒன்று விட்டுப்போனது. பல வீடுகளில் அம்மா தூங்காததற்குக் காரணம் பையன் இல்லை, கதவு. "திறந்துகிட்டு ரோட்டுக்குப் போயிடுவானோ" என்று ஒரு காதைத் திறந்து வைத்தே படுப்பது. வாசல் கதவில் ஆறடி உயரத்தில் ஒரு தாழ்ப்பாள் அடியுங்கள். கதவு திறந்தால் கத்தும் காந்த அலாரம் ஒன்றை நிலையில் ஒட்டுங்கள், சில நூறு ரூபாய்க்குள் கிடைக்கும். ஒட்டும் டேப் சுண்ணாம்புச் சுவரில் நிற்காது, மர நிலையில்தான் ஒட்ட வேண்டும். காந்தத்துக்கும் பெட்டிக்கும் இடைவெளி ஒரு விரல் அகலத்தைத் தாண்டினால் சும்மாவே கத்தும். பூட்டுப் போட்டால் சாவி பெரியவர்கள் எல்லோருக்கும் தெரிந்த ஒரே ஆணியில் தொங்க வேண்டும். தீ விபத்தில் சாவி தேட நேரம் இருக்காது.

இரவில் கேஸ் ரெகுலேட்டரை மூடிவிட்டால் இன்னொரு கவலையும் குறையும்.

பிப்ரவரி 12, மாலை. "ஒரே ரூம் வீடு, எங்கே போய்ப் படுப்பது?" என்று கேட்டவருக்கு

வாரத்தில் ரெண்டு இரவாவது மாமியார் வீட்டிலோ பக்கத்துத் தெரு அக்கா வீட்டிலோ படுத்து எழுந்து வாருங்கள். "பிள்ளையை விட்டுட்டுத் தூங்கப் போறா" என்ற பேச்சு வரும். வரட்டும். நைட் ஷிப்டுக்குப் போகிற அப்பாவை யாரும் அப்படிச் சொல்வதில்லை.

பிப்ரவரி 14

"ஆட்டிசம் குழந்தையின் அம்மாவுக்குப் போர்முனை வீரனின் ஸ்ட்ரெஸ்" என்று வாட்ஸாப்பில் சுற்றுவதை ஒருவர் இங்கே ஒட்டியிருக்கிறார். மூலம் அமெரிக்காவின் விஸ்கான்சினில் நடந்த ஆய்வு, 2010 வாக்கில் வெளிவந்தது. வளர்ந்த ஆட்டிசம் பிள்ளைகளின் அம்மாக்களுக்கு, அழுத்தத்தோடு தொடர்புள்ள கார்டிசோல் ஹார்மோன் எப்படி இருக்கிறது என்று பார்த்தார்கள். சராசரியைவிடக் குறைவாக இருந்தது. நீண்ட காலம் அழுத்தத்தில் இருப்பவர்களிடம், போர் வீரர்கள் உட்பட, இதே போக்கு காணப்படுகிறது என்று ஒப்பிட்டார்கள். அவ்வளவுதான். ஹார்மோன் எகிறுகிறது என்றும் சொல்லவில்லை, அம்மாவும் ராணுவ வீரரும் ஒன்று என்றும் சொல்லவில்லை.

அதே ஆய்வில் பயன்படக்கூடிய விஷயம் வேறு: பிள்ளையின் நடத்தைச் சிக்கல்களுக்கும் அம்மாவின் ஹார்மோன் போக்குக்கும் தொடர்பு இருந்தது. வேறு பல ஆய்வுகளும் இதையே சொல்கின்றன. பெற்றோரை அதிகம் அழுத்துவது ஐ.க்யூ எண்ணும் பேச்சுத் தாமதமும் இல்லை. அடிப்பது, கடிப்பது, தலையை முட்டிக்கொள்வது, தூங்காதது இவைதான். ஆகவே காசும் நேரமும் கம்மியாக இருந்தால் "எப்போ பேசுவான்" என்பதைக் கொஞ்சம் தள்ளி வைத்து, முதலில் இவற்றில் ஒன்றைப் பிடியுங்கள். எல்லாவற்றையும் சேர்த்துப் பிடித்தால் எதுவும் குறையாது.

நோட்டில் மூன்று கட்டம் போடுங்கள்: முன்னால் என்ன நடந்தது, என்ன செய்தான், அதற்கு நாம் என்ன செய்தோம். ரெண்டு வாரம் எழுதினால் பெரும்பாலும் ஒரு வடிவம் தெரிந்துவிடும். டிவியை நிறுத்தும்போது, மிக்ஸி ஓடும்போது, பசிக்கும்போது என்று. "காரணமே இல்லாமல் கத்தினான்" என்று எழுதாதீர்கள், அந்த வரியால் யாருக்கும் பிரயோஜனம் இல்லை. மணி எத்தனை, பக்கத்தில் யார் என்றாவது எழுதுங்கள்.

நன்றாக இருந்த பிள்ளை திடீரென்று மாறினால் நோட்டுக்கு முன்னால் உடம்பு: சொத்தைப் பல், காது வலி, மலச்சிக்கல், பெண் பிள்ளையானால் மாதவிடாய் வலி. வாயால் சொல்லத் தெரியாத பிள்ளை கன்னத்தில் அறைந்துகொண்டு சொல்லும்.

பிப்ரவரி 15

"நோட்டு எழுதவும் அம்மாதானா?" என்று கேட்டிருக்கிறார்கள். பார்த்தவர் எழுத வேண்டும். ஆபீஸிலிருந்து வந்து "இன்னிக்கு என்ன பண்ணினான்" என்று கேட்பவர் பார்த்தவர் ஆகமாட்டார்.

பிப்ரவரி 18

வீட்டுப்பாடம். பெற்றோர் அழுத்தத்தில் தெரபி சென்டர்களே ஏற்றும் பங்கு இது. ஸ்பீச் (பேச்சுப் பயிற்சி) அரை மணி, ஓ.டி. (ஆக்குபேஷனல் தெரபி, அன்றாட வேலைகளுக்கான பயிற்சி) அரை மணி, ஸ்பெஷல் எஜுகேட்டர் அரை மணி, கூடவே பிசியோ ஸ்ட்ரெட்ச். ஒவ்வொருவரும் அரை மணிதான் கேட்கிறார்கள், கூட்டினால் ரெண்டு மணி. சமையல், ஸ்கூல், இன்னொரு பிள்ளை எல்லாம் போக அந்த ரெண்டு மணி எங்கே இருக்கிறது? செய்ய முடியாமல் போகும். அடுத்த வாரம் "வீட்ல பண்ணினீங்களா?" என்பார்கள். அம்மா பொய் சொல்வார், இல்லை அழுவார்.

தெரபிஸ்ட்கள் எல்லோரிடமும் இப்படிக் கேளுங்கள்: "இந்த மாசம் ஒரே ஒரு இலக்கு சொல்லுங்க, எல்லாரும் அதையே பிடிங்க." உதாரணத்துக்குச் சட்டை போடுவது. கையை நுழைப்பது ஓ.டி., "கை", "போடு" என்பது ஸ்பீச், முன்பக்கம் பின்பக்கம் பிரித்தறிவது எஜுகேட்டர். ஸ்கூலுக்குக் கிளம்பும் எட்டு மணி அவசரத்தில் செய்யாதீர்கள், சாயங்காலம் குளித்து முடித்து மாற்றும்போது செய்யுங்கள். கடைசிப் படியிலிருந்து கற்றுக்கொடுங்கள். எல்லாம் நீங்கள் போட்டுவிட்டு, சட்டையைக் கீழே இழுத்துவிடுவதை மட்டும் பிள்ளை செய்யட்டும். அது வந்ததும் அதற்கு முந்தின படி.

உலக சுகாதார நிறுவனம் பெற்றோருக்காக வைத்திருக்கும் பயிற்சி ஒன்பது குழு வகுப்பும் மூன்று வீட்டுச் சந்திப்பும் கொண்டது. அதன் அடிப்படையும் இதுதான்: தனி நேரம் ஒதுக்காமல் குளியல், சாப்பாடு, விளையாட்டுக்குள்ளேயே பயிற்சியை நுழைப்பது.

பிப்ரவரி 19

பிசியோ ஒருவர் மறுத்து எழுதியிருக்கிறார்: "சட்டை போடுவதில் ஸ்ட்ரெட்ச் வராது. தினமும் செய்யாவிட்டால் குதிகால் தசைநார் சுருங்கிவிடும்." சரிதான். தசை இறுக்கம் உள்ள பிள்ளைக்கு நேற்று எழுதியது முழுதாகப் பொருந்தாது. ஸ்ட்ரெட்ச், ஸ்ப்ளின்ட் (கை காலை நேராகத் தாங்கும் கட்டை), வலிப்பு மாத்திரை மூன்றும் விட்டுக்கொடுக்கக் கூடாதவை. பேரம் பேச வேண்டியது மற்றவற்றில். தெரபிஸ்டிடமே கேட்டு ரெண்டு பட்டியலாகப் பிரித்து வாங்கிக்கொள்ளுங்கள்: விட்டால் உடம்பு கெடும், விட்டால் ஒன்றும் ஆகாது. ரெண்டாவது பட்டியல்தான் நீளமாக இருக்கும்.

பிப்ரவரி 23

பிசியோ வந்ததால் முதுகு பற்றியும். பெருமூளை வாத பாதிப்புள்ள பிள்ளையைத் தூக்கும் அம்மாவின் "டென்ஷன்" பாதி இடுப்பு வலிதான். ஆஸ்பத்திரி ஊழியர் ஒருவர் கையால் தூக்குவதற்கு அமெரிக்கப் பணிப் பாதுகாப்பு நிறுவனம் வைத்திருக்கும் வரம்பு சுமார் 16 கிலோ. நம் வீடுகளில் முப்பது கிலோப் பிள்ளையை ஈரத்தரையில் தூக்குகிறார்கள்.

கட்டிலை உங்கள் இடுப்பு உயரத்துக்குக் கொண்டு வாருங்கள், காலுக்கடியில் மரக்கட்டை வைத்தால் போதும், ஆனால் ஆடாமல் உட்கார வேண்டும், பக்கவாட்டில் தடுப்பும் வேண்டும். தரையில் உட்கார்த்திக் குளிப்பாட்டாதீர்கள், குளியல் நாற்காலி வாங்குங்கள். அக்குளில் கை கொடுத்து இழுக்காதீர்கள், பிள்ளையின் தோள் மூட்டு நழுவலாம். தூக்கும் முன் முட்டியை மடக்கி, பிள்ளையை நெஞ்சோடு அணைத்து, காலடியை நகர்த்தித் திரும்புங்கள். இடுப்பை முறுக்கித் திரும்பும்போதுதான் டிஸ்க் போகிறது. இருபது கிலோ தாண்டிய பிறகு ஒற்றையாளாகத் தூக்குவதில்லை என்று வீட்டில் முடிவெடுங்கள்.

பிப்ரவரி 26

"என் கணவர் நல்லா ஹெல்ப் பண்ணுவார்" என்று ஒரு வாசகி. உதவி வேண்டாம், ஒரு வேலையை முழுதாகக் கொடுங்கள். மருந்து என்றால் மாத்திரை எத்தனை மிச்சம், சீட்டு எங்கே, அடுத்த ரிவ்யூ எப்போது, கடையில் இல்லாவிட்டால் எந்தக் கடை, எல்லாமே அவர் தலையில். "என்னங்க, மாத்திரை தீரப்போகுது" என்று நினைவுபடுத்தும் வேலை அம்மாவிடம் இருக்கும்வரை பாரம் இறங்கவில்லை.

கொடுத்த பிறகு சரிபார்க்கக் கூடாது. வலிப்பு மாத்திரைக்கு மட்டும் இந்த விதியைத் தளர்த்தலாம். ஏழு நாள் மாத்திரைப் பெட்டி வாங்கி எல்லோர் கண்ணிலும் படும் இடத்தில் வைத்தால் யாரும் யாரையும் கேட்க வேண்டியதில்லை.

மார்ச் 2

மாற்று ஆள். இது இல்லாத வீட்டில் மேலே எழுதியது எதுவும் ஆறு மாதம் தாங்காது. சித்தி, தாத்தா, சம்பளத்துக்கு வரும் அக்கா, யாராயினும் ஒருவரைப் பழக்க வேண்டும்.

ஒரு பக்கத்தில் எழுதி பிரிட்ஜ் மேல் ஒட்டுங்கள்: என்ன சாப்பிடுவான், என்ன சாப்பிட்டால் புரையேறும், பாத்ரூம் வந்தால் என்ன செய்வான், கோபம் வந்தால் என்ன செய்தால் அடங்குவான், எதைச் செய்யவே கூடாது, மருந்து, போன் நம்பர். வலிப்பு உள்ள பிள்ளை என்றால் ஒருக்களித்துப் படுக்க வை, வாயில் எதையும் திணிக்காதே, கையில் சாவி கொடுக்காதே, மணி பார், ஐந்து நிமிஷம் தாண்டினால் டாக்டர் எழுதிக்கொடுத்த மூக்கு ஸ்ப்ரே, உடனே 108.

பிறகு படிப்படியாக விலகுவது. முதலில் நீங்கள் கூடவே இருந்து அவரைச் செய்ய விடுங்கள். அடுத்து, பக்கத்து ரூமில். அப்புறம் தெருமுனை வரை அரை மணி நேரம். அப்புறம்தான் ரெண்டு மணி நேரம். சாப்பாட்டு நேரத்தில் முதல் முறை விடாதீர்கள், எல்லாம் கலைந்துபோகும். பிள்ளைக்குத் தெரியாமல் நழுவாதீர்கள், அடுத்த முறை முந்தானையை விடமாட்டான். வந்ததும் "ஏன் மூஞ்சி கழுவி விடலை?" என்று ஆரம்பித்தால் அந்தச் சித்தி திரும்ப வரமாட்டார்.

மார்ச் 3

மார்ச் என்பதால் காகித வேலை. இதுவும் அழுத்தம்தான், ஆனால் முடித்தால் முடிந்துபோகும் வகை.

யூடிஐடி அட்டை, அதாவது மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய அடையாள அட்டை, இல்லாமல் மற்றது நகராது. ஆன்லைனில் பதிந்து, மருத்துவக் குழுவிடம் காட்ட வேண்டும். 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டப்படி 21 வகைக் குறைபாடுகள், பெரும்பாலான சலுகைகளுக்கு 40 சதவீதம் வேண்டும். சிறு பிள்ளைகளுக்குத் தற்காலிகச் சான்றுதான் தருவார்கள், காலாவதித் தேதியை இன்றே எடுத்துப் பாருங்கள். தேதி முடிந்தால் உதவித்தொகை சத்தமில்லாமல் நின்றுவிடும்.

தமிழ்நாட்டில் அறிவுசார் குறைபாடு 40 சதவீதமும் அதற்கு மேலும் உள்ளவர்களுக்குப் பராமரிப்பு உதவித்தொகை மாதம் 2,000 ரூபாய். மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் மனு கொடுக்க வேண்டும்.

நிராமயா, அதாவது மத்திய அரசின் தேசிய அறக்கட்டளை தரும் மருத்துவக் காப்பீடு, ஆண்டுக்கு ஒரு லட்சம் வரை. ஆட்டிசம், பெருமூளை வாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு இந்த நான்குக்கு மட்டும். முன்கூட்டி மருத்துவப் பரிசோதனை கிடையாது. தெரபிக்கும் பில் போடலாம், அதற்குத் தனி உச்சவரம்பு உண்டு. சீல், தேதி, பதிவு எண் இல்லாத தெரபி ரசீதுதான் பெரும்பாலும் திரும்பி வருகிறது.

1961 வருமான வரிச் சட்டத்தின் 80டிடி பிரிவு (குறைபாடுள்ள உறவினரைப் பராமரிப்பவருக்கானது): 40 சதவீதத்துக்கு 75,000, 80 சதவீதமும் அதற்கு மேலும் என்றால் 1,25,000 ரூபாய் கழிவு. செலவு எவ்வளவு ஆனாலும் முழுத் தொகை. பழைய வரி முறையில் இருப்பவர்களுக்கு மட்டும். ஆட்டிசம், பெருமூளை வாதம் என்றால் 10-ஐஏ படிவத்தில் டாக்டர் கையெழுத்து வேண்டும்.

மார்ச் 4

"எங்க ஆடிட்டர் 80யு போட்டார்" என்பவருக்கு: அது குறைபாடு உள்ளவர் தன் சொந்த வருமானத்துக்குக் கோருவது. பெற்றோருக்கு 80டிடிதான்.

மத்திய அரசின் பெண் ஊழியர்களுக்கும் தனியாகப் பிள்ளை வளர்க்கும் ஆண் ஊழியர்களுக்கும்: குழந்தைப் பராமரிப்பு விடுப்பு மொத்தம் 730 நாள். மற்ற பிள்ளைகளுக்கு 18 வயதுவரை, குறைபாடுள்ள பிள்ளைக்கு வயது வரம்பு இல்லை. பலர் பத்தாம் வகுப்புக்கு என்று சேர்த்து வைக்கிறார்கள். வயது வரம்பே இல்லாதபோது எதற்கு?

மார்ச் 9

இதைப் பேசத் தயங்குகிறோம், அதனால் நேராக. "நானும் போயிட்டா இவனை யார் பார்ப்பா, ரெண்டு பேரும் சேர்ந்தே போயிடலாம்" என்ற நினைப்பை வெறும் புலம்பல் என்று கேட்டுவிட்டு நகராதீர்கள். சொல்பவர் தோழியோ தங்கையோ மனைவியோ, "சாகணும்னு தோணுதா? எப்படின்னு யோசிச்சிருக்கியா?" என்று கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைக்காது. யோசித்திருக்கிறேன் என்றால் அன்றைக்கு அவரைத் தனியாக விடக் கூடாது, வீட்டில் இருக்கும் மாத்திரைகளைப் பூட்டி வைக்க வேண்டும், மனநல மருத்துவரிடம் அன்றே போக வேண்டும். அரசின் மனநல உதவி எண் டெலி மனஸ் 14416, எந்நேரமும், தமிழில் பேசலாம், கட்டணம் இல்லை.

அந்த அளவுக்கு இல்லாதவர்கள் மனச்சோர்வை அளக்கும் பிஎச்க்யூ-9 கேள்வித்தாளைப் போட்டுப் பாருங்கள். ஒன்பது கேள்வி, கடந்த ரெண்டு வாரம் பற்றி. பத்தும் அதற்கு மேலும் வந்தால் டாக்டரைப் பார்க்க வேண்டிய அளவு. சாவு பற்றிய எண்ணத்தைக் கேட்கும் கடைசிக் கேள்விக்கு "இல்லவே இல்லை" தவிர வேறு பதில் என்றால் மொத்த மதிப்பெண்ணைப் பார்க்கவே வேண்டாம், நேராக டாக்டர்.

கை ஓங்கத் தோன்றும் நிமிஷத்துக்கு: பிள்ளையைத் தரையில், முனைகள் இல்லாத இடத்தில் உட்கார வைத்து, கண்ணில் படும் தூரத்தில் நீங்கள் விலகி நில்லுங்கள். ரெண்டு நிமிஷம். அழட்டும்.

மார்ச் 10

தியானத்தை ரொம்பத்தான் தள்ளி வைத்தேனோ என்று ஒரு யோசனை. தூக்கமும் மாற்று ஆளும் ஓரளவு அமைந்த பிறகு மூச்சுப் பயிற்சி பலருக்கும் உதவுகிறது. மாற்றவே முடியாத விஷயங்களில் அதற்கு இடம் உண்டு: பஸ்ஸில் எல்லோரும் திரும்பிப் பார்க்கும்போது, ரிப்போர்ட்டுக்குக் காத்திருக்கும்போது. தாழ்ப்பாள் அடித்தால் தீரும் பிரச்சினைக்குத்தான் மூச்சை இழுத்து விடச் சொல்லாதீர்கள்.

மார்ச் 16

கல்யாண வீடு பற்றிப் பலர். "இன்னும் பேசலையா?", "எந்தப் பக்கத்து வழியில வந்தது?", "அந்தக் கோயிலுக்குப் போனீங்களா?" மூன்றுக்கும் ஒரே பதில் வைத்துக்கொள்ளுங்கள்: "டாக்டர் பார்க்கிறார்." திரும்பக் கேட்டாலும் அதே வாக்கியம், அதே குரல். விளக்க ஆரம்பித்தால் விசாரணை நீளும். முகூர்த்தத்துக்குக் கொட்டுமேளம் என்றால் முக்கால் மணி முன்னாலேயே போய்ப் பார்த்துவிட்டு, முதல் பந்தியில் சாப்பிட்டுக் கிளம்பலாம். காது மூடும் ஹெட்போனை வீட்டில் ஒரு வாரம் பழக்கிய பிறகே எடுத்துப் போங்கள், மண்டபத்தில் முதல்முறை மாட்டினால் பிடுங்கி எறிவான்.

இன்னொரு அழுத்தம் கடன். ஆட்டிசத்துக்கு ஸ்டெம் செல் என்று லட்சக்கணக்கில் கேட்கிறார்கள். அதைச் சிகிச்சையாகப் பரிந்துரைக்கக் கூடாது என்று தேசிய மருத்துவ ஆணையத்தின் நெறிமுறைக் குழு 2022-இலேயே சொல்லிவிட்டது. நகையை அடகு வைக்கும் முன் இதைப் படியுங்கள்.

மார்ச் 22

"எங்களுக்குப் பிறகு?" இதைப் பதினெட்டு வயது வரும்வரை தள்ளிப்போடுகிறார்கள். பதினெட்டு முடிந்ததும் சட்டப்படி பெற்றோர் தானாகக் காப்பாளர் இல்லை. 1999 தேசிய அறக்கட்டளைச் சட்டப்படி, நிராமயாவில் சொன்ன அதே நான்கு குறைபாடுகளுக்கு, மாவட்ட ஆட்சியர் தலைமையிலான உள்ளூர் அளவிலான குழுவிடம் விண்ணப்பிக்க வேண்டும். படிவம் 'ஏ'. வங்கிக் கணக்குக்கு அந்தச் சான்று போதும், ரிசர்வ் வங்கி அறிவுறுத்தலே உண்டு. கிளையில் "கோர்ட் ஆர்டர் கொண்டு வாங்க" என்றால் அந்தச் சுற்றறிக்கையை அச்செடுத்துக் காட்டுங்கள்.

உடம்பில் மட்டும் பாதிப்பு, அறிவில் எந்தக் குறையும் இல்லாத பிள்ளைக்குக் காப்பாளர் வேண்டாம், கணக்கை அவரே நடத்தட்டும். கையெழுத்து வரவில்லை என்றால் கைரேகை.

மார்ச் 23

ஒரு சேர்க்கை: காப்பாளர் சான்று வாங்கியதோடு வேலை முடியவில்லை. ஆறு மாதத்துக்குள் பிள்ளையின் பெயரில் உள்ள சொத்துப் பட்டியலை அந்தக் குழுவிடம் கொடுக்க வேண்டும். ஒவ்வொரு நிதியாண்டும் முடிந்த மூன்று மாதத்துக்குள் கணக்கு காட்ட வேண்டும். பலர் இதைச் செய்வதே இல்லை. காப்பாளர் மாறும்போது, அதாவது அப்பா இறந்து அண்ணன் பொறுப்பேற்கும்போது, அங்கேதான் சிக்குகிறது. பாஸ்புக் நகலும் ஒரு தாளில் வரவு செலவும் போதும், வருஷா வருஷம் ஜூனுக்குள் கொடுத்து ஒப்புகை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.